வலிக்காத புண்

மனித குலத்தின் வரலாற்றை எழுதியவர்கள் மன்னர்களும் அல்லர், மாவீரர்களும் அல்லர். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தாம் எழுதின. பேரரசுகள் எழுந்ததும் விழுந்ததும் அவற்றின் சித்தப்படியே. இந்த மாபெரும் உண்மையை டாக்டர் வேதாசலம் மைக்கைப் பிடித்த போதெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்துவார். பேரணாம்பட்டு சாலையில் இருக்கும் அந்தத் தோல் தொழிற்சாலையின் கேன்டீன் கொட்டகையில், அந்த இடைவெளியில் வழக்கமாகக் கேட்கும் ஒலி ஒன்றுதான். பின்வரிசையில் யாராவது பக்கத்து ஆளிடம், "டீ வந்துச்சா?" என்று கேட்பார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வேதாசலம் ஆதியில் ஃபினாயில் விற்றவர். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் டேனரி ஒன்று விடாமல் டிவிஎஸ்ஸில் சுற்றி, கேன் கேனாகச் சப்ளை செய்தவர். கிருமிகளைப் பற்றி அவருக்கு முதலில் தெரிந்ததெல்லாம் அந்தக் கேனின் முதுகில் அச்சடித்திருந்ததுதான். பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள், "உங்கள் தொழிற்சாலையில் தொழிலாளர் நலத்துக்கு ஒரு அதிகாரி உண்டா?" என்று கேட்க ஆரம்பித்த காலத்தில், முதலாளி ஷபீ அஹமது சுற்றுமுற்றும் பார்த்தார். அப்போது ஃபினாயில் பில்லோடு வாசலில் நின்றிருந்தவர் வேதாசலம். அன்றைக்கே அதிகாரி ஆனார்.

டாக்டர் பட்டம் அதற்கப்புறம் வந்தது. எந்த நாட்டில் இருக்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியாத ஒரு பல்கலைக்கழகம், புதுச்சேரியில் ஒரு ஹோட்டல் ஹாலில் வைத்துக் கொடுத்தது. அதே மேடையில் அன்று டாக்டரானவர்களில் ஒரு வாஸ்து நிபுணரும் ஒரு பந்தல் கான்டிராக்டரும் உண்டு. கறுப்பு அங்கி வாடகை என்பதால், படம் எடுத்த கையோடு கழற்றி அடுத்த டாக்டருக்கு மாட்டிவிட்டார்கள்.

கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. தலைவலி என்று வந்தால் மாத்திரை கொடுப்பார், கை அறுந்தால் கட்டுப் போடுவார், தோளில் தட்டி அனுப்புவார். உலகத்தில் முக்கால்வாசி நோய்கள் தாமாகவே போய்விடும். அந்த முக்கால்வாசியின் புகழும் வேதாசலத்துக்கு வந்து சேர்ந்தது. மீதிக் கால்வாசி அதுவரை அவர் அறைக்கு வரவில்லை.

வந்தது பச்சையப்பன் கழுத்தில்.

பச்சையப்பன் பச்சைத்தோல் குடோனில் லாரி இறக்குபவன். உப்புப் போட்டு மடித்த தோல்கட்டைத் தோளில் ஏற்றிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு நடப்பதுதான் அங்கே முறை. அறுத்த மாட்டுத் தோலும் செத்த மாட்டுத் தோலும் ஒரே உப்பில் புரண்டு ஒரே லாரியில் வரும். செத்த மாட்டின் தோல் மலிவு. அது எதனால் செத்தது என்று தோலைக் கேட்க முடியாது, விற்றவனைக் கேட்பதில்லை.

மனைவி வள்ளியம்மாளும் அதே தொழிற்சாலைதான். பதனிட்ட தோலின் ஓரங்களைக் கத்தரிக்கும் மேசையில் வேலை. அவள்தான் புருஷனை இழுத்துக்கொண்டு வேதாசலத்தின் அறைக்கு வந்தாள். அவர் அப்போது பட்டமளிப்புப் படத்துக்குப் புது ஃபிரேம் போட்டு ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி விளிம்பு கட்டைவிரலைக் கீறிவிட, அதைச் சப்பிக்கொண்டே திரும்பினார்.

"இன்னா பச்சையப்பா?"

"கழுத்துல சார். மொதல்ல கொசு கடிச்சாப்பல அரிச்சிது. அப்புறம் கொப்புளம். இப்ப பாருங்க, கறுத்துப் போச்சு."

வேதாசலம் பார்த்தார். காது மடலுக்குக் கீழே, நடுவில் கரித்துண்டு பதித்தது போல ஒரு கறுப்பு. அதைச் சுற்றி நீர்கோத்த சிறு முத்துகள். அதற்கு வெளியே கழுத்து மெத்தென்று உப்பியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல சார். துளி வலி கிடையாது."

"அதான் சார் எனக்கு பயம்," என்றாள் வள்ளியம்மாள். "முள்ளு குத்துனாவே இந்த ஆளு தெருவைக் கூட்டுவாரு. இவ்ளோ பெரிய புண்ணை வெச்சிக்கினு கம்முனு இருக்காரு."

"சீழும் இல்ல, வலியும் இல்ல. அப்புறம் இன்னாத்துக்குப் பயம்? வலி இல்லாத புண்ணு மாமியார் இல்லாத வீடும்மா. சந்தோஷப்படணும்."

"எதுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார். ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துர்றோம்."

வேலை நேரத்தில் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் வேதாசலம் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். அவர் பேனாவைக் கூட எடுத்துவிட்டார். அப்போதுதான் மறுநாள் வியாழக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை ஆடிட். தோல் வாங்கும் ஜெர்மன் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது. ஆஸ்பத்திரிக்கு ஆள் போனால் ஏன் போனான் என்ற கேள்வி வரும். கழுத்தில் கட்டுப் போட்டாலும் அதே கேள்வி.

"ஆடிட் முடியட்டும்மா. நான் எதுக்கு இருக்கேன்?" என்று பேனாவை மூடினார்.

கட்டுக்குப் பதிலாக ஊதா மருந்தை எடுத்தார். பஞ்சு தீர்ந்திருந்தது. கையுறைகள் பெட்டி பெட்டியாக இருந்தன, ஆனால் அவை பீரோவில், பீரோ பூட்டில். ஆடிட் நாளில்தான் அதைத் திறப்பார்கள். அன்று காலை எல்லோருக்கும் கையுறை, முகமூடி, பூட்ஸ் கொடுத்து, சாயங்காலம் திருப்பி வாங்கி, உதறி, மறுபடி பூட்டிவிடுவது வழக்கம். ஆகவே வேதாசலம் மருந்தில் கட்டைவிரலைத் தோய்த்து, கறுப்பு மறையும் வரை தாராளமாகத் தடவினார். கழுத்து கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"இப்ப பாரு, எவ்ளோ அழகா இருக்குது," என்றார்.

வியாழக்கிழமை காலை பீரோ திறந்தது. ஒட்டிக்கொண்டிருந்த கையுறைகளைப் பிய்த்துப் பிய்த்து மாட்டினார்கள். "இது லெஃப்டா ரைட்டா?" என்று ஒருவன் கேட்க, "உனக்கு ரெண்டும் ஒண்ணுதான், போடு" என்று இன்னொருவன் சொல்ல, தொழிற்சாலை முழுக்க ஒரே கல்யாண வீட்டுக் களை. ஜெர்மன் அம்மாள் உயரமாக, சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் பார்த்தார். ஆளெண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதால் பச்சையப்பனையும் கொண்டுவந்து கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். முகவாய் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று இப்போது தெரியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. துண்டை இழுத்து மூடிக்கொண்டு வள்ளியம்மாள் மேல் சாய்ந்திருந்தான்.

வேதாசலம் மைக்கைப் பிடித்தார். மேடையோரம் மனிதவள அதிகாரி ஹுமேரா, ஜெர்மன் அம்மாளின் காதருகே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபடி இருந்தாள். மன்னர்கள், மாவீரர்கள், பேரரசுகள் எல்லாம் எழுந்து விழுந்த பிறகு, அவர் விஷயத்துக்கு வந்தார்.

"தோழர்களே! எல்லாக் கிருமியும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு தந்திரம். காலராக் கிருமி நம் சதையைத் தின்பதில்லை. குடலில் ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சைக் கக்குகிறது, அவ்வளவே. உடம்பின் தண்ணீரெல்லாம் மடை திறந்து ஓடுகிறது. ரணஜன்னிக் கிருமி காற்றுப் புகாத ஆழமான காயத்தில் உட்கார்ந்துகொண்டு, நரம்புகளுக்கு நஞ்சை அனுப்புகிறது. தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாய் வளைகிறது. டைஃபாய்டுக் கிருமியோ, தன்னைப் பிடிக்க வரும் வெள்ளணுவுக்குள்ளேயே ஏறிக்கொண்டு உடம்பெல்லாம் பிரயாணம் போகிறது. போலீஸ் ஜீப்பிலேயே ஏறி ஊர் சுற்றும் திருடன் மாதிரி!"

சிரிப்புக்காக நிறுத்தினார். சூப்பர்வைசர் மட்டும் சிரித்தார்.

"ஆனால் நம் தொழிலுக்கென்றே ஒரு கிருமி உண்டு. அடைப்பான்! இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ்! மாட்டின் ரத்தத்தில் கோடி கோடியாய்ப் பெருகும். மாடு செத்து, ரத்தத்தில் காற்றுப் பட்டதும், தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதையைப் போல உறங்கிவிடும். உப்பு அதை ஒன்றும் செய்யாது, வெயில் ஒன்றும் செய்யாது. அந்தத் தோலைச் சுமப்பவர் கையிலோ கழுத்திலோ ஒரு சிறு கீறல் போதும், விழித்துக்கொள்ளும். முதலில் கொசுக்கடி போல அரிக்கும். பிறகு கொப்புளம். பிறகு நடுவில் கரிபோல் ஒரு கறுப்பு. சுற்றிலும் வீக்கம். சீழ் இருக்காது. இதில் விசேஷம் என்ன தெரியுமா தோழர்களே? வலிக்காது!"

நிறுத்தினார். யாரும் டீயைப் பற்றிக் கேட்கவில்லை. கொட்டகையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். இத்தனை வருடப் பேச்சில் இப்படி ஓர் அமைதி அவருக்குக் கிடைத்ததில்லை. வெற்றி என்றே நினைத்தார். அப்புறம்தான், ஒருவரும் தன்னைப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. முதலில் குடோன் ஆட்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள், வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பி இரண்டாம் வரிசையில் ஓர் ஊதாக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மனப்பாடம் செய்தவனுக்குத் தன் வாய் சொல்வதைத் தன் காது கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கம்பெனியின் பயிற்சிக் கையேட்டிலிருந்து உருப்போட்ட அந்தப் பத்தியை வேதாசலம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கேட்டது அன்றைக்குத்தான்.

வள்ளியம்மாள் எழுந்தாள்.

"சார், அரிக்கும்னீங்க. இவருக்கு அரிச்சிது. கறுக்கும்னீங்க, கறுத்துது. வலிக்காதுன்னீங்க, வலிக்கல. இது இன்னா சார்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா கேள்வி?"

ஜெர்மன் அம்மாள் ஹுமேராவிடம் குனிந்து ஏதோ கேட்டார். ஹுமேரா வேதாசலத்தைப் பார்த்தாள். வேதாசலம் முன்வரிசையில் இருந்த ஷபீ அஹமதுவைப் பார்த்தார். ஷபீ அஹமது கூரையைப் பார்த்தார். கூரையிலிருந்து உத்தரவு ஒன்றும் வராததால், ஹுமேரா தானாகவே ஒரு மொழிபெயர்ப்புச் செய்தாள்: பயிற்சி மிகவும் உபயோகமாக இருக்கிறது என்று அந்தப் பெண் நன்றி சொல்கிறாளாம். ஜெர்மன் அம்மாள் நெகிழ்ந்துபோய் வள்ளியம்மாளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அது வேற, இது வேறம்மா," என்றார் வேதாசலம் மைக்கில். குரல் கொஞ்சம் கீச்சிட்டது. "இது சூட்டுக் கொப்புளம். அடைப்பான் நம்ம கம்பெனியில கிடையாது. உக்காரு."

சூப்பர்வைசர் கைதட்டினார். கையுறை போட்ட கைகள் பொத்பொத்தென்று தட்டின.

கூட்டம் கலைந்ததும் பச்சையப்பனை பாய்லர் ஷெட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஷபீ அஹமது வேதாசலத்தை ஓரமாக இழுத்தார்.

"டாக்டர் சாப், சீரியஸா?"

"பாக்கணும் பாய்."

"பார்த்துட்டுதான இருக்கீங்க? சரி, அவங்க சாப்ட்டுட்டுக் கிளம்பட்டும். அதுவரைக்கும் பேஜார் வேணாம்."

பேஜார் என்று அவர் சொன்ன பொருள், சாக்கின் மேல் படுத்து, ஒவ்வொரு மூச்சையும் சீழ்க்கை போல இழுத்துக்கொண்டிருந்தது. வள்ளியம்மாள் கேட்டுக்கு ஓடினாள்; சீட்டு இல்லை என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பினான். வேதாசலத்திடம் வந்தாள்.

"சீட்டு குடுங்க."

"ஒரு மணி நேரம்மா. அவங்க போய்டட்டும்."

"ஒரு மணி நேரம் இவரு தாங்குவாரா?"

வேதாசலத்துக்குத் தெரியவில்லை. கையேட்டில் அது இல்லை.

"சரி சார்," என்றாள் வள்ளியம்மாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே. "அந்த வெள்ளக்காரம்மாகிட்ட இட்டுக்கினு போறேன். எனக்கு அவங்க பாஷை தெரியாது. துண்டை எடுத்துட்டுக் கழுத்தைக் காட்னா புரியாமயா போய்டும்?"

கார் உடனே வந்தது. பின்வாசல் வழியாக. ஷபீ அஹமது கார் கண்ணாடியில் குனிந்து, "கூடவே இருங்க டாக்டர் சாப். அந்தப் பொம்பள எதுனா ஜாஸ்தியாப் பேசிடப் போறா" என்று வேதாசலத்தையும் ஏற்றிவிட்டார்.

கார் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. பின்சீட்டில் சீழ்க்கை மூச்சு. முன்சீட்டில் வேதாசலம் தற்செயலாகத் தன் வலதுகையைப் பார்த்தார். கட்டைவிரல் ஊதாவாக இருந்தது. அந்த ஊதாவின் நடுவே ஃபிரேம் கண்ணாடி கிழித்த கீறல், வாயைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்தது. ஒரு சிறு கீறல் போதும், விழித்துக்கொள்ளும். யார் சொன்னது? அவர்தான்.

அந்தக் கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டவர், ஆஸ்பத்திரி வரை வெளியே எடுக்கவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் லுப்னா சின்னப் பெண். ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லி, ஊசிக்கு எழுதிக் கொடுத்து, தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"தோல் குடோன்ல வேலையா? எத்தனை நாளா இருக்கு இது? இதுக்கு மேல ஊதா மருந்து போட்டது யாரு?"

வேதாசலம் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையைப் படிக்க ஆரம்பித்தார்.

"கறுப்பைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிஞ்சிடும். அதைத் தேடிப்பிடிச்சு மறைச்சிருக்கீங்க. லேபுல இந்தக் கிருமியைப் பார்க்கறதுக்கு நாங்க போடற சாயமும் கிட்டத்தட்ட இதே ஊதாதான். அங்க போட்டா கிருமி தெரியும். இங்க போட்டா நோய் மறையும். யாரு போட்டது?"

"வீட்ல போட்டிருப்பாங்க மேடம்," என்றார் வேதாசலம். வாய் தானாகத் திறந்துகொண்டது. "எத்தினி கிளாஸ் எடுத்தாலும் இவங்க கேக்கறதே இல்ல."

வள்ளியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரத்தில் கட்டிலில் மூச்சு ஒரு தடவை தட்டி நின்று, மறுபடி வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஏம்மா, கண்டதையும் பூசுவீங்களா? இன்னும் கொஞ்சம் நேரம் கழிச்சு வந்திருந்தா மூச்சுக்குழாயை அமுக்கியிருக்கும், தெரியுமா?" என்று டாக்டர் லுப்னா அவளைத் திட்டினாள். வள்ளியம்மாள் கேட்டுக்கொண்டாள். பிறகு லுப்னா வேதாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க?"

"டாக்டர் வேதாசலம்."

"ஓ, சாரி டாக்டர். என்ன ஸ்பெஷாலிட்டி?"

"பொது... பொது விழிப்புணர்வு."

டாக்டர் லுப்னா ஒரு நொடி பார்த்துவிட்டு, மேற்கொண்டு அவரை டாக்டர் என்று கூப்பிடவில்லை.

"மருந்து கிருமியைக் கொன்னுடும் சார். ஆனா அது ஏற்கெனவே உடம்புக்குள்ள விட்டிருக்கிற நஞ்சை இந்த மருந்து ஒண்ணும் செய்யாது. அதனால வீக்கம் உடனே வடியாது, இன்னும் ஜாஸ்தியாகக்கூட ஆகலாம். அதைத் தாண்டிட்டா பொழைச்சிக்குவாரு. இது மனுஷன்கிட்டேருந்து மனுஷனுக்குச் சுலபமா வராது. ஆனா புண்ணை வெறுங்கையால தொட்டவங்க, கையில காயம் இருக்கறவங்க, ஒரு பாதுகாப்புக்கு மாத்திரை போடணும். குடோன் ஆளுங்களைப் பார்க்க சுகாதாரத்துறைக்குச் சொல்றேன். நீங்கதானம்மா மருந்து போட்டது? உங்களுக்கு எழுதறேன். நீங்க தொட்டீங்களா சார்?"

"நானா? கிட்டவே போகல மேடம்."

பாக்கெட்டுக்குள் கட்டைவிரல் வியர்த்தது.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் விஷயம் ஒரு மாத்திரைச் சீட்டோடு முடிந்திருக்கும். வேதாசலத்துக்கும் அது புரிந்தது, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகு. திரும்பிப் போய்ச் சொல்லலாம். சொன்னால் ஃபினாயில் கேன் வரைக்கும் போய் நிற்கும். அதற்குப் பதில், அரித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனார்.

வீட்டுக்குப் போனதும் அரித்தது.

அரித்ததா, அரிப்பதாக நினைத்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தார். ஊதா போகவில்லை, கீறல்தான் சிவந்தது. அழுத்திப் பார்த்தார். வலித்தது. அப்பாடா என்றிருந்தது. சற்று நேரம் கழித்து அழுத்தினால் வலி கம்மியாக இருந்தது போலத் தோன்றியது. விரலைக் கடித்தே பார்த்தார். அடுத்த நாள் முழுக்க, பல்வேறு மேடைகளில் தான் முழங்கிய வாக்கியங்கள் ஒவ்வொன்றும் திரும்பி வந்து, அதே ஏற்ற இறக்கத்தோடு, அவர் காதிலேயே முழங்கின. டீ வந்துச்சா என்று கேட்டு அதை நிறுத்த யாருமில்லை.

தொழிற்சாலையில் எல்லாம் சுபமாக இருந்தது. சுகாதாரத்துறை இன்னும் வந்து சேரவில்லை. ஆடிட்டில் கம்பெனி தேறிவிட்டது. பயிற்சி வகுப்பைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். பீரோ பூட்டப்பட்டது. ஷபீ அஹமது வேதாசலத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். வலதுகை பாக்கெட்டிலேயே இருக்க, வேதாசலம் இடதுகையால் மட்டும் கும்பிட முயன்றது ஒரு மாதிரியாக இருந்தது.

அன்று மாலை மருந்துக் கடை ரஷீத் அஹமதுவிடம் போனார். ரஷீத் அஹமது அவரைக் கண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிற ஆள்.

"கிருமிக்கு ஒரு மாத்திரை வேணும் பாய்."

"எந்தக் கிருமிக்கு டாக்டர்? நீங்கதான சொல்வீங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தந்திரம்னு."

"தோல்ல வர்ற... ஒரு பொதுவான..."

"நீங்க பேரை மட்டும் சொல்லுங்க. சீட்டுக்கூட வேணாம். டாக்டர் உங்க வாய் வார்த்தை போதாதா?"

டாக்டர் வாயில் வார்த்தை இல்லை. அவருக்குத் தெரிந்த மாத்திரைப் பெயர்கள் இரண்டு. இரண்டும் தலைவலிக்கு. அடைப்பான் என்று சொன்னால் பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு வரை செய்தி போய்விடும். இருமலுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை, கம்பெனி சார்பில் நோயாளியைப் பார்க்க யார் போவது என்ற பேச்சு எழுமுன்பே வேதாசலம் எழுந்து நின்றார். ஷபீ அஹமது ஒரு பழக்கூடை வாங்கிக் கொடுத்து, "நல்ல மனசு டாக்டர் சாப் உங்களுக்கு" என்றார்.

பச்சையப்பன் பிழைத்துவிட்டான். வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. கறுப்பு மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிக் காய்ந்திருந்தது. அது உதிர்ந்ததும் தோல் இழுத்துக்கொள்ளும், கழுத்து முன்போலத் திரும்பாது, சுமை தூக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வள்ளியம்மாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேதாசலம் கூடையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்படிம்மா இருக்காரு?"

"மூச்சு வுடறாரு."

"அவருக்கு வாட்ச்மேன் வேலை போட்டுத் தரச் சொல்லி பாய்கிட்ட நான் பேசறேன்."

"கழுத்து திரும்பாத வாட்ச்மேனா சார்? நல்லாத்தான் இருக்கும். ஒரு பக்கம்தான் பாப்பாரு. உங்க கம்பெனிக்கு அதான வேணும்?"

வேதாசலம் செருமினார். வராந்தாவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"டாக்டரம்மா உனக்கு ஒரு மாத்திரை எழுதினாங்களே, போடறியா?"

"போடறேன். புண்ணுக்கு மருந்து போட்டவளாச்சே நானு."

"அது பேரு இன்னாம்மா? சும்மா... கிளாஸ்ல சொல்றதுக்கு."

வள்ளியம்மாள் இப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். சவரம் செய்யவில்லை. வலதுகை பாக்கெட்டில்.

"உங்களுக்கு எதுக்கு சார்? நீங்க கிட்டவே போகலியே."

வேதாசலம் கையை வெளியே எடுத்தார். தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்து, ஓரங்களில் ஊதா திட்டுத்திட்டாக நிற்க, கட்டைவிரல் வீங்கியிருந்தது. சோப்பாலா, கடித்ததாலா, வேறு எதனாலா என்று சொல்ல அங்கே படித்தவர் யாரும் இல்லை.

"அரிக்குதும்மா," என்றார். மைக் இல்லாத குரல்.

"உள்ளதான் டாக்டரம்மா இருக்காங்க. போய்க் காட்டுங்க. நல்ல பொண்ணு. திட்டும், ஆனா பாத்துக்கும்."

"அது... எப்படிம்மா? அன்னிக்கு நான் வேற மாதிரி சொல்லிட்டேனே."

"ஆமா. சொன்னீங்க."

"நீ எதுவும் சொல்லலியே அவங்ககிட்ட?"

"சண்டை போட அன்னிக்கு எனக்குத் தெம்பு இல்ல சார். உங்க மானத்துக்காக இல்ல."

அவள் மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். "பேரு இங்கிலீஷ்ல இருக்குது. எழுதிக்கினு போங்க. கடையில கிடைக்கும்."

வேதாசலம் எழுதிக்கொள்ளவில்லை. கடைக்குப் போவதற்கும் பஸ் பிடிப்பதற்கும் நடுவில் அந்தக் கிருமி என்னென்ன செய்யும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"இப்பவே ஒண்ணு குடுத்தேன்னா..."

வள்ளியம்மாள் அட்டையில் மீதியிருந்ததை எண்ணினாள். பிறகு ஒன்றைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில், விரலைத் தொடாமல், போட்டாள்.

"வெறும் வயித்துல போடக் கூடாதாம்."

டாக்டர் வேதாசலம் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நோயாளிக்கென்று கம்பெனி கொடுத்தனுப்பிய கூடையைப் பிரித்து, ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, மாத்திரையை விழுங்கினார்.